மஞ்சள் கோடு, வெள்ளைக் கோடு, 'நோ பார்க்கிங்' போர்டு: குன்றத்தூர் முதல் தாம்பரம் வரை வண்டி ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

முகூர்த்த நாள் அன்று காலையில் குன்றத்தூர் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகவே தெரியும். முருகன் கோயில் மலைக்குக் கீழே கல்யாண வேன்கள், கார்கள், ஆட்டோக்கள், பூ மாலை வாங்க இறங்கியவர்களின் டூவீலர்கள். பல்லாவரம் பக்கம் இருந்து ஒரு பஸ், போரூர் பக்கம் இருந்து இன்னொரு பஸ். ஸ்ரீபெரும்புதூர் ரூட்டில் இருந்து வரும் கன்டெய்னர் லாரி நடுவில். ஹாரன் அடித்தும் ஒரு அங்குலம் நகராது.

கீழே இறங்கிப் போய் ஓரமாக நிற்கும் காரின் டிரைவரிடம் கேட்டால் பதில் ஒன்றுதான். "சார், ரெண்டு நிமிஷம்தான். பெரியவங்க இறங்குறாங்க."

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்து போட்டோ எடுக்கிறார். மொபைலில் மெசேஜ் வருகிறது. அபராதம் 500 ரூபாய். "இங்க நோ பார்க்கிங் போர்டே இல்லையே, எப்படி ஃபைன் போடலாம்?" என்று வாக்குவாதம் தொடங்குகிறது.

போர்டு இல்லாத இடத்தில் அபராதம் போட முடியுமா? சாலை ஓரத்து மஞ்சள் கோட்டுக்கு என்ன அர்த்தம்? கடைக்காரர் வைத்திருக்கும் 'நோ பார்க்கிங்' போர்டு செல்லுமா? மழை வெள்ளத்தின்போது மேம்பாலத்தில் காரை நிறுத்தலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போர்டு இல்லை என்றால் நிறுத்தலாமா?

நிறுத்தலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சில இடங்களில் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோடு இருந்தாலும் அழிந்திருந்தாலும், வண்டியை நிறுத்தவே கூடாது. 1989-ல் மத்திய அரசு கொண்டுவந்த சாலை விதிகளிலேயே இந்தப் பட்டியல் இருந்தது. அதற்குப் பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் பார்க்கிங் தடைகள் தொடர்கின்றன. லைசென்ஸ் எடுக்கும்போது படித்திருப்போம், பிறகு மறந்திருப்போம். முக்கியமானவை இவை:

• சாலை சந்திப்பிலும் அதற்கு அருகிலும்
• வளைவு, மேட்டின் உச்சி, பாலம்
• நடைபாதை
• டிராஃபிக் சிக்னல், ஜீப்ரா கிராசிங் அருகில்
• பஸ் ஸ்டாப், பள்ளி, மருத்துவமனை வாசல் அருகில்
• டிராஃபிக் போர்டை மறைக்கும்படி
• ஒரு வீட்டின் அல்லது கட்டடத்தின் வாசலை அடைக்கும்படி
• ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டில், அதாவது டபுள் பார்க்கிங்
• சாலையின் தவறான பக்கத்தில்
• வேகமாக வண்டிகள் போகும் பிரதான சாலையில்

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு குன்றத்தூர் பஸ் நிலையம் சுற்றியுள்ள பகுதியையோ, பம்மல், அனகாபுத்தூர் மெயின் ரோட்டையோ மனதில் ஓட்டிப் பாருங்கள். டீ குடிக்க, மருந்து வாங்க, ஏடிஎம்மில் பணம் எடுக்க என்று நாம் வண்டி நிறுத்தும் பல இடங்கள் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். "போர்டு எங்கே சார்?" என்ற கேள்விக்கு, "இந்த இடத்துக்கு போர்டே தேவையில்லை" என்பது பல நேரங்களில் சரியான பதில்.

அப்படியானால் போர்டு எதற்கு? மேலே உள்ள பட்டியலில் வராத சாதாரண சாலையிலும் நெரிசலைப் பொறுத்து தடை விதிக்க வேண்டியிருக்கும். அங்கே அறிவிப்பு கட்டாயம் வேண்டும். போர்டும் மஞ்சள் கோடும் வேலை செய்வது அங்கேதான்.

போர்டை எப்படிப் படிப்பது?

வட்டமான நீல நிற போர்டு, சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு. இதுதான் 'நோ பார்க்கிங்'. வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

அதே நீல வட்டம், ஆனால் பெருக்கல் குறி போல இரண்டு சிவப்புக் கோடுகள். இது 'நோ ஸ்டாப்பிங்'. ஆளை இறக்கிவிடக்கூட நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய பேர்.

நீல நிறப் பலகையில் வெள்ளையாக 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பார்க்கிங் அனுமதி உண்டு. சக்கர நாற்காலி படம் இருந்தால் அது மாற்றுத்திறனாளிகளுக்கான இடம். மற்றவர்கள் "காலியாத்தானே இருக்கு" என்று நிறுத்தக் கூடாது.

போர்டுக்குக் கீழே சின்னதாக ஒரு பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எந்த வகை வண்டிக்கு என்பது அதில்தான் இருக்கும். அம்புக்குறி இருந்தால், தடை எந்தப் பக்கம் நீள்கிறது என்று காட்டுகிறது. போர்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினால் அபராதம், அந்தப் பக்கம் நிறுத்தினால் இல்லை என்ற வித்தியாசமே அந்த அம்பில்தான் இருக்கிறது.

கோடுகள் என்ன சொல்கின்றன?

சாலைக் கோடுகளுக்கான தர விதிகளை இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு வகுக்கிறது. ஐஆர்சி 35 என்பது அந்த ஆவணத்தின் பெயர். நாடு முழுக்க ஒரே மாதிரி கோடு போட வேண்டும் என்பதற்காகத்தான் அது இருக்கிறது. வண்டி ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகம் இல்லை.

நடுவில் விட்டு விட்டு வரும் வெள்ளைக் கோடு: எதிரே வண்டி இல்லை என்றால், பார்த்து, தாண்டி ஓவர்டேக் செய்யலாம்.

நடுவில் தொடர்ச்சியான கோடு: தாண்டி ஓவர்டேக் செய்யக் கூடாது. வளைவு, பாலம், சந்திப்பு ஆகிய இடங்களில் இதைப் பார்க்கலாம்.

இரட்டைத் தொடர் கோடு: இரண்டு பக்கம் இருப்பவர்களும் தாண்டக் கூடாது.

ஒன்று தொடர்ச்சியாகவும் பக்கத்தில் ஒன்று விட்டு விட்டும் இருந்தால்: உங்கள் பக்கம் எந்தக் கோடு இருக்கிறதோ அதுதான் உங்களுக்கான விதி. உங்கள் பக்கம் விட்டு விட்டு வரும் கோடு என்றால் கவனமாகத் தாண்டலாம். எதிரே வருபவருக்கு அந்த அனுமதி இல்லை.

சாலை ஓரத்தில், நடைபாதைக் கல்லை ஒட்டி தொடர்ச்சியான மஞ்சள் கோடு: பார்க்கிங் கிடையாது.

சந்திப்பின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கட்டங்கள்: அதற்குள் வண்டி நிற்கக் கூடாது. சிக்னல் பச்சையாக இருந்தாலும், கட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் உங்கள் வண்டிக்கு இடம் இருந்தால் மட்டும் உள்ளே நுழைய வேண்டும். நான்கு பக்கமும் வண்டி மாட்டிக்கொண்டு, எந்த சிக்னல் விழுந்தாலும் யாரும் நகர முடியாமல் போகும் நிலையைத் தடுப்பதுதான் இதன் நோக்கம்.

சிக்னலுக்கு முன்னால் குறுக்காக ஒரு தடித்த வெள்ளைக் கோடு: ஸ்டாப் லைன். முன் சக்கரம் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். அதற்கு அடுத்து இருக்கும் ஜீப்ரா கிராசிங் நடப்பவர்களின் இடம். பச்சை விழுந்ததும் முதலில் போக வேண்டும் என்று அங்கே போய் நிற்கும்போது, குழந்தையைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடக்கும் ஒருவர் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவில் புகுந்து போக வேண்டியிருக்கிறது.

நடைபாதை ஓரக் கல்லில் கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்து, "இது பார்க்கிங்குக்கு விட்ட இடம்" என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. இரவில் ஓரம் எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அடிக்கும் பெயின்ட் அது. அதற்கும் பார்க்கிங்குக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நடுவில் தொடர்ச்சியான வெள்ளைக் கோடு இருக்கும் சாலையில் ஓரமாக வண்டி நிறுத்துவதை 1989 விதிகளே தடை செய்தன. நடுக்கோட்டுக்கும் ஓர பார்க்கிங்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். யோசித்தால் காரணம் எளிது. ஓரத்தில் ஒரு கார் நின்றால், பின்னால் வருபவர் அதைச் சுற்றிப் போக நடுக்கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். தாண்டக் கூடாது என்று கோடு போட்ட இடத்தில் அவரைத் தாண்ட வைப்பது நிறுத்தியவரின் கார். எதிரே வரும் பைக்கில் அவர் மோதினால், நிறுத்திவிட்டுப் போனவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கடைக்காரர் வைத்த போர்டு செல்லுமா?

"நோ பார்க்கிங். மீறினால் காற்று இறக்கப்படும்." தெருவுக்குத் தெரு இந்த போர்டு இருக்கிறது. சில இடங்களில் மணல் மூட்டை, பூந்தொட்டி, கயிறு கட்டிய கல், பழைய டயர் என்று வைத்து இடம் பிடித்திருப்பார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 115, 116-வது பிரிவுகள் இதில் தெளிவாக இருக்கின்றன. வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும், போக்குவரத்துக் குறியீடுகளை வைக்கும் அதிகாரமும் மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புகளுக்கும்தான். அசல் போர்டு போலவே தோன்றி ஓட்டுநரைக் குழப்பும் பலகைகளை அகற்றவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தனியார் வைத்த போர்டுக்கு சட்ட பலம் கிடையாது. பொதுச் சாலையில் என் கடைக்கு முன்னால் உள்ள இடம் என்னுடையது என்று யாரும் சொல்ல முடியாது. காற்றை இறக்கவும் பூட்டுப் போடவும் தனியாருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஆனால் அதற்காக அந்த போர்டு முன்னால் தாராளமாக நிறுத்தலாம் என்று அர்த்தம் இல்லை. அது ஒரு வீட்டின் கேட் என்றால், போர்டு செல்லாவிட்டாலும் வாசலை அடைத்து நிறுத்துவது விதிப்படி தவறு. கேட் இல்லாத சுற்றுச்சுவருக்கு முன்னால், வேறு எந்தத் தடையும் இல்லாத இடத்தில் நிறுத்தியிருந்தால் கதை வேறு. போர்டை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பார்க்கிங் கட்டணம் கேட்டு யாராவது டோக்கன் நீட்டினாலும் இதே கேள்விதான். சாலை ஓரத்தில் பணம் வசூலிக்கும் உரிமை உள்ளாட்சி அமைப்போ அரசோ கொடுத்தால்தான் உண்டு. ரசீதில் யார் பெயர் இருக்கிறது, என்ன கட்டணம் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அபராதம் எவ்வளவு? வண்டியை இழுத்துச் செல்லலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் பெரிய திருத்தம் வந்தது. உயர்த்தப்பட்ட அபராதங்களைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி நோ பார்க்கிங்கில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய். மறுபடி சிக்கினால் 1,500 ரூபாய்.

போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை வைத்திருந்தால் 201-வது பிரிவு தனியாக இருக்கிறது. அதிலும் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. மற்றவர்களுக்கு ஆபத்து ஏற்படும்படி வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது 122-வது பிரிவு. இது தவிர, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவு, பொதுவழியில் ஆபத்தோ தடையோ ஏற்படுத்தினால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு 200 ரூபாய்தான் இருந்தது.

வண்டியை இழுத்துச் செல்வது, சக்கரத்தில் பூட்டுப் போடுவது ஆகியவற்றுக்கு 127-வது பிரிவு இடம் தருகிறது. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையோ, பொது இடத்தில் 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையோ அகற்ற உத்தரவிடலாம். சீருடையில் உள்ள, அந்தப் பகுதிக்கு உரிய காவல் அதிகாரிதான் இதைச் செய்ய முடியும். இழுத்துச் செல்லும் செலவு வண்டி உரிமையாளர் தலையில். அபராதம் தனி.

ஆக, உங்கள் வண்டியைக் காணவில்லை என்றால் பதறுவதற்கு முன்னால் அருகில் உள்ள போக்குவரத்துக் காவலரிடமோ காவல் நிலையத்திலோ கேளுங்கள்.

இ-சலான் வந்தால் என்ன செய்வது?

சென்னையில் 2018 முதல் போக்குவரத்து அபராதம் ரொக்கம் இல்லாமல் வசூலிக்கப்படுகிறது. ரசீது இல்லாமல் கையில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சலானில் வண்டி எண், இடம், நேரம், பிரிவு, போட்டோ ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் தவறை ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டதாக ஆகிவிடும். புகார் தெரிவிக்கலாம், நீதிமன்றத்தில் மறுக்கலாம். அதற்கு உங்களுக்கும் ஆதாரம் வேண்டும். போர்டு இருந்ததா, கோடு தெரிந்ததா, வண்டி எங்கே நின்றது என்று அன்றைக்கே இரண்டு போட்டோ எடுத்து வைத்திருந்தால் உதவும்.

இன்னொரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு சலான் வந்துள்ளது" என்று ஒரு ஆப் ஃபைலை அனுப்பி, அதைத் திறந்ததும் வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. அபராதம் கட்ட எந்த ஆப் ஃபைலையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கோடு போட வேண்டியது யார்?

இதுவரை ஓட்டுநரின் கடமைகளைப் பார்த்தோம். இப்போது மறுபக்கம்.

"கோடே தெரியலையே, எதைப் பார்த்து ஓட்டுறது?" என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேபிளுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தோண்டி, மண்ணைப் போட்டு மூடி, மேலே ஒட்டுப்போட்ட சாலையில் கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு தார் பெயர்ந்தால் கோடும் போய்விடுகிறது. புதுத் தார் போடும்போது பழைய கோடு அதற்குள் மறைந்துவிடுகிறது. திரும்பக் கோடு போடும் வரை அந்தச் சாலை வெறும் கறுப்புப் பலகைதான்.

குன்றத்தூரில் இந்தப் பொறுப்பு ஒரே கையில் இல்லை. குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 2021-ல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியாக உயர்ந்தது. உள்தெருக்கள் நகராட்சியின் பொறுப்பு. பல்லாவரம், போரூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை வசம். போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதும் அபராதம் போடுவதும் 2022 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்ட தாம்பரம் மாநகர காவல் ஆணையரகம். அதே சாலையில் கொஞ்சம் தூரம் போய் அனகாபுத்தூரைத் தொட்டால், அங்கே உள்ளாட்சி அமைப்பு 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி. இந்த எல்லைகள் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது.

கோடு அழிந்த சாலையில் அபராதம் மட்டும் அழியாமல் இருப்பது மக்களுக்கு எரிச்சலைத் தருகிறது. அதைவிடப் பெரிய கேள்வி, நிறுத்தக் கூடாத இடம் எது என்று சொல்லும் சட்டம், நிறுத்தும் இடம் எது என்று சொல்கிறதா என்பது. சொல்கிறது. உள்ளாட்சி அமைப்புடன் கலந்து பேசி வாகன நிறுத்தும் இடங்களைத் தீர்மானிக்க மாநில அரசுக்கும், அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் 117-வது பிரிவு அதிகாரம் தருகிறது. சென்னை தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-ல் திறக்கப்பட்டபோது, நடப்பவர்களுக்கு இடம் விட்டதோடு பார்க்கிங்குக்கும் ஒரு ஏற்பாடு வந்தது. புறநகரில் அந்த இரண்டாவது பாதி இன்னும் பல இடங்களில் வரவில்லை.

கல்யாண மண்டபம், மருத்துவமனை, வணிக வளாகம் எல்லாம் தங்களுக்குள்ளேயே பார்க்கிங் விட வேண்டும் என்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் இருக்கிறது. மண்டபத்துக்குள் நிற்க வேண்டிய கார் சாலையில் நின்றால், மண்டபத்தின் செலவை அந்த வழியே போகும் எல்லோரும் சுமக்கிறார்கள். பஸ்ஸில் நிற்கும் வேலைக்காரப் பெண்ணும், ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் நோயாளியும் அதில் அடக்கம். 500 ரூபாய் அபராதத்தைக் கார்காரரிடம் வாங்குவது சுலபம். மண்டபத்தின் பார்க்கிங் இடம் உண்மையில் பார்க்கிங்காக இருக்கிறதா, சமையல் கூடமாக மாறிவிட்டதா என்று போய்ப் பார்ப்பதும் அதே அளவு முக்கியம்.

நடப்பவர்களுக்கு என்ன ஆகிறது?

2022-ல் நாட்டில் அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். பார்க்கிங்கால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நடைபாதையில் பைக் நின்றால் நடப்பவர் சாலையில் இறங்குகிறார். சாலை ஓரத்திலும் கார் நின்றால் அவர் இன்னும் உள்ளே தள்ளப்படுகிறார். கடைசியில் லாரி போகும் பாதையில் நடக்கிறார். பள்ளிக்கூடப் பையோடு போகும் பிள்ளைகளை இப்படி நாம் தினமும் பார்க்கிறோம்.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்பு கேட்டு 2012-ல் பொதுநல மனு தாக்கல் செய்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நடைபாதையில் பைக்கை ஏற்றி நிறுத்துவதை இனி சின்ன விஷயமாகப் பார்க்க முடியாது.

இரவு நேரத்தில் ஆபத்து வேறு மாதிரி. வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை குன்றத்தூர் அருகேதான் போகிறது. அந்த மாதிரி வேகச் சாலையில் விளக்கு போடாமல் ஓரமாக லாரி நின்றால், பின்னால் வரும் கார்காரருக்கு அது நிற்கிறதா, போகிறதா என்று தெரிவதற்குள் தூரம் முடிந்துவிடும். வண்டி ரிப்பேர் ஆகி நிற்க வேண்டியிருந்தால், முடிந்தவரை சாலையை விட்டு இறக்குங்கள். ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். செடி கொடியை ஒடித்துப் போட்டு வைப்பது பகலில் தெரியும், இரவில் தெரியாது.

மழை வெள்ளத்தில் மேம்பாலத்தில் நிறுத்தலாமா?

தென்சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்கு இது வெறும் சட்டக் கேள்வி இல்லை. 2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளத்தில் நின்ற கார்கள் மூழ்கின.

அதனால்தான் 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்ற தகவல் பரவியது. அப்படி அபராதம் எதுவும் விதிக்கவில்லை என்று காவல்துறை விளக்கம் கொடுத்தது.

விதிப்படி பாலத்தின் மேல் பார்க்கிங் கூடாது. அன்று காவல்துறை காட்டியது நிலைமையைப் புரிந்துகொண்ட விட்டுக்கொடுப்பு. அதை நிரந்தர அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மக்கள் பயமும் பொய் இல்லை. கடன் வாங்கி வாங்கிய கார், வாடகைக்கு ஓட்டும் டாக்சி, ஆட்டோ என்றால் அதுதான் வீட்டின் வருமானம்.

குன்றத்தூருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 24 அடி முழு உயரமும் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. உபரி நீர் திறக்கும்போது சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று வரிசையாக எச்சரிக்கை வருவதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்கிறோம். ஆட்களுக்கு நிவாரண முகாம் எங்கே என்று அறிவிக்கிறார்கள். வண்டிகளுக்கு மேடான இடம் எங்கே என்று பருவமழைக்கு முன்பே அறிவித்துவிட்டால், பாலத்தைத் தேடி ஓட வேண்டியிருக்காது. பள்ளி மைதானமோ, அரசு வளாகமோ, எது மேடு என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

அதுவரை, வேறு வழியே இல்லாமல் பாலத்தில் நிறுத்த வேண்டிய நிலை வந்தால், காவலர்கள் சொல்லும் பக்கத்தில், ஒரே வரிசையில், ஓரத்தை ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் அடைத்தால் படகை ஏற்றி வரும் மீட்பு வண்டியும் ஆம்புலன்ஸும் போக முடியாது. கண்ணாடியில் உங்கள் மொபைல் எண்ணை எழுதி வையுங்கள். மழை விட்டதும் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

வெளிநாடுகளில் எப்படி?

ஜப்பானில் 1962-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கார் வாங்க வேண்டுமானால், அதை நிறுத்த உங்களிடம் இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டு வாசல் தெருவைக் காட்டி இடம் என்று சொல்ல முடியாது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகர போக்குவரத்துக் குழுமமான கும்டாவின் பார்க்கிங் கொள்கை பற்றிய செய்திகளிலும் 2025-ல் இதே யோசனை அடிபட்டது.

கேட்க நல்ல யோசனைதான். ஆனால் ஜப்பானில் கார் இல்லாமலும் வேலைக்குப் போக ரயில் இருக்கிறது. குன்றத்தூரில் ரயில் நிலையமே இல்லை. பல்லாவரமோ தாம்பரமோ போய்த்தான் மின்சார ரயில் பிடிக்க வேண்டும். பஸ் வசதியைக் கூட்டாமல் பார்க்கிங்கை மட்டும் இறுக்கினால், சுமை டூவீலர் வைத்திருக்கும் சாதாரண குடும்பத்தின் மேல்தான் விழும்.

வண்டியை நிறுத்தும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. போர்டு இருக்கிறதா? ஒரு கோடா, இரண்டு கோடா? கீழே நேரம், அம்புக்குறி இருக்கிறதா?

2. ஓரத்தில் மஞ்சள் கோடு இருக்கிறதா? நடுவில் தொடர்ச்சியான கோடு இருக்கிறதா?

3. போர்டும் கோடும் இல்லாவிட்டாலும், இது சந்திப்பா, வளைவா, பாலமா, பஸ் ஸ்டாப்பா, பள்ளி அல்லது மருத்துவமனை வாசலா, யாருடைய கேட்டாவது அடைபடுகிறதா?

4. என் வண்டி இங்கே நின்றால் ஒரு பஸ் தாராளமாகப் போக முடியுமா? நடந்து வருபவர் எங்கே போவார்?

முகூர்த்த நாளில் கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால், பெரியவர்களைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கிவிட்டு, டிரைவர் வண்டியோடு அன்றைக்கு ஒதுக்கியிருக்கும் இடத்துக்குப் போய்விடட்டும். திரும்பக் கிளம்பும்போது போன் செய்து கூப்பிட்டுக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். எல்லோரும் வாசலிலேயே நின்றால் ஆகும் முக்கால் மணி நேரத்தைவிட அது குறைவுதான்.

உங்கள் தெருவில் கோடு அழிந்திருந்தால், போர்டு மரக்கிளையில் மறைந்திருந்தால், போட்டோ எடுத்து நகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். "கோடு எங்கே?" என்று போலீஸிடம் கேட்பதற்கு முன்னால், அதைப் போட வேண்டியவர்களிடம் கேட்டிருந்தால் உங்கள் வாதத்துக்கும் பலம் கூடும்.